வாரத்துக்கு ஒண்ணு

விடியறப்ப என் கை என்னுது இல்லீங்க.
உலை கொதிச்சு, சிக்கன் களி கிண்டி
(அவன் கிண்டினா கட்டி தட்டும்),
தின்னுட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போன பொறகுதான்
ஒவ்வொரு விரலா எனக்குத் திரும்பி வரும்.
சுண்டுவிரல் கடைசி.
சில நாள் வராது.

"காலையில எவ்வளவு நேரம்மா இறுக்கம் இருக்கும்?"
பெருந்துறைப் பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க.
ஒரு களி நேரமுங்க, என்றேன்.
பேனா அப்படியே நின்னுது.
பக்கத்துல இருந்த நர்சு, காட்டுக்கார வீட்டுப் புள்ள போல,
"ஒண்ணரை மணி போட்டுக்குங்க மேடம்" என்றாள்.

இதுக்கு முன்ன ஆறு வருசம்
கடம்பூர்ல ஒரு ஊசி, ஆறு மாத்திரை.
ஊசி போட்ட ராத்திரி பழைய கை வந்து
என்னோட படுத்திருக்கும்.
மறுநாள் சீமார்ப்புல் ரெண்டு கட்டு அறுப்பேன்.
மூணாம் நாள் வலி
வட்டியோட வந்து நிக்கும்.

மூட்டுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காங்க,
செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாங்கன்னு
அப்பவே சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.
நெல்லித்தொட்டியில இருந்து ரோட்டுக்கு நாலு மைல்.
பஸ் ஏழு மணிக்கு.
ஏழு மணி வரைக்கும் அந்தத் தடத்துல ஆனை.
ஆனை நகர்ற வரைக்கும் பஸ் நிக்காது.
பஸ் போற வரைக்கும் ஆனை நிக்கும்.
ஐப்பசியில பள்ளத்துல தண்ணி.
கார்த்திகையிலயும் தண்ணி.
சீட்டு மடிச்ச மடிப்புல கிழிஞ்சுது.

காப்பீட்டு அட்டைக்கு ரேகை வைக்கச் சொன்னாங்க.
கண்ணாடி சமமா இருக்கு.
என் விரல் சமமா இல்லை.
அழுத்துங்கம்மா.
அழுத்தினேன். உசுரு போச்சு,
மெசினுக்கு ஆள் தெரியலை.
கம்ப்யூட்டர் பையன் டீ வாங்கியாந்து
"குடிக்காதீங்க, டம்ளரைச் சும்மா புடிச்சிருங்க" என்றான்.
சூட்டுல விரல் கொஞ்சம் விரிஞ்சுது.
பச்சை விளக்கு எரிஞ்சுது.
கெஞ்சம்மா, கணவர் பேர் சிக்கன், வயசு நாப்பத்தொண்ணு,
நான்தான்.
டீ ஆறிப்போச்சு. அதையும் குடிச்சேன்.

ரத்தம் எடுக்குற இடத்துல
பக்கத்துல உக்காந்திருந்தாங்க பூவாத்தாள்,
சென்னிமலை, தறிக்கார வீடு.
அவங்களுக்கும் இதே நோவு, இதே ஆறு வருசம்.
"எங்க, கையைக் காட்டு சாமி" என்றாங்க.
பெஞ்சு மேல நாலு கையையும் வெச்சோம்.
அவங்க விரல்ல மோதிரம் கழண்டு வருது.
என் விரலெல்லாம்
காத்தடிச்ச பக்கமாச் சாஞ்ச கம்பு.
டாக்டரம்மா பின்னால சொன்னாங்க,
முதல் வருசமே வந்திருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு.
ஏன் வரலைன்னு கேக்கலை.
கேட்டிருந்தா
ஆனையில இருந்து ஆரம்பிச்சிருப்பேன்.

மருந்து வாங்குற இடத்துல
பூவாத்தாளுக்கு டப்பா மூடி திறக்கலை.
நான் புடிக்க அவங்க திருக,
அவங்க புடிக்க நான் திருக,
மூடி சும்மா சுத்திக்கிட்டே இருந்துது.
சிரிப்பு வந்துட்டுது எங்களுக்கு.
வாட்ச்மேன் வந்து ஒரே திருகுல திறந்துட்டு
என்னமோ மலையைப் புரட்டினவனாட்டம் போனான்.

"இந்த மஞ்ச மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான்.
தினமும் முழுங்கினா ரத்தம் கெட்டுப்போகும்.
கிழமை மறக்கக் கூடாது."
மறக்காத கிழமை எதுன்னு யோசிச்சு
வியாழன் என்றேன்.
புளியம்பட்டிச் சந்தைக்கு
ஆடேத்துற வண்டி இறங்குற நாள்.
வண்டிச் சத்தம் கேட்டா அட்டையைப் பல்லால கிழிப்பேன்.
விரல் அமுக்காது.

அஞ்சு வாரம் சரியாப் போச்சு.
களி நேரம் கொஞ்சம் குறைஞ்சுது,
உருண்டை புடிக்கிற வரைக்கும்தான் இப்ப.

இந்த வாரம் மறுபடி மழை.
பள்ளம் நிறைஞ்சு ஓடுது, வண்டி வரலை.
நேத்தா இன்னிக்கா, தெரியலை.
மாத்திரையை மடியில கட்டிக்கிட்டுக் கரைக்குப் போனேன்.
அக்கரையில ஒருத்தன் கம்பூணி நிக்கிறான்.
ஏனுங்க, இன்னிக்கு என்ன கிழமைன்னு கத்தினேன்.
தண்ணிச் சத்தம்.
இன்னொருக்காக் கத்தினேன்.
கையைத் தூக்கி
அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டறான்.
அஞ்சும் எவ்வளவு நேரா இருக்குது.

ஞாயித்துல இருந்து எண்ணி
வியாழன்னு சொல்றானா,
இறங்காதே, அங்கயே நில்லுங்கறானா?